மடுவும் அரிப்பும்: கொள்ளிடம் முதல் ஜங்லிகாட் வரை பாலத்தடிக் காப்பும் அதன் சொற்களும்

முன்னுரை

அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. அந்நகரின் ஒரு பகுதியாகிய ஜங்லிகாட், மீன்பிடிப் படகுகள் அணையும் துறை. இப்பெயரைக் கேட்கும் தமிழர், பிற்பகுதியில் ‘காடு’ என்னும் தமிழ்ச் சொல் இருப்பதாக எண்ணக்கூடும். உண்மையில் காட்டைச் சுட்டுவது ‘ஜங்லி’ என்னும் முற்பகுதியே. ‘காட்’ என்பது இந்தியில் நீர்த்துறையைக் குறிக்கும் சொல். தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி ஆகிய மொழிகள் நாள்தோறும் ஒன்றோடொன்று உரசும் அந்நகரில், ஒலி ஒத்திருப்பதை நம்பிப் பொருள் கொள்வது பிழையில் முடியும் என்பதற்கு இத்துறையின் பெயரே சான்றாகிறது.

இத்தகைய துறையிலோ தீவுகளை இணைக்கும் பாலத்திலோ நீரில் நிற்கும் தூண்களைப் பற்றித் தமிழில் ஓர் அறிவிப்பு எழுத நேர்ந்தால், ‘தூணின் அடிப்பகுதி அரிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுவதே இயல்பு. ஆனால் இத்தொடர் இரு பொருள் தருவது. தூணின் கம்பி துருவேறித் தின்னப்பட்டது என்றும் கொள்ளலாம். தூணைச் சுற்றியிருந்த மணலை நீர் வாரிச் சென்றது என்றும் கொள்ளலாம். முன்னதற்கு மருந்து பூச்சும் கம்பிக் காப்பும். பின்னதற்கு மருந்து கல்லும் ஆழமும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் பாலம் நில்லாது.

ஓடும் நீரிலிருந்து அடித்தளங்களைக் காக்கும் முறை தமிழகத்தில் வளர்ந்த வரலாற்றையும், அவ்வரலாற்றோடு சொற்கள் கொண்ட உறவையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இத்துறைக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சுட்டும் சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன என்பதும், ‘அரிப்பு’ என்னும் ஒற்றைச் சொல் அவற்றை மறைத்துவிட்டது என்பதும் இங்கு நிறுவப்படும்.

1. மணலில் நின்ற கல்

கரிகாலனோடு தொடர்புபடுத்தப்படும் கல்லணை, பாறையைத் தொடாத மணற்படுகையில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதனை ஆராய்ந்த பேர்டு ஸ்மித் என்னும் ஆங்கிலப் பொறியாளர், ஏறத்தாழ 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி வரை அகலமும், 15 முதல் 18 அடி வரை உயரமும் உடைய கல் திரளாக அதனைக் குறித்தார். உட்பகுதி செதுக்கப்படாத கற்களும் களிமண்ணும் கொண்டது. அணை நேர்கோட்டில் செல்லாமல் வளைந்து கிடப்பது.

செதுக்காத கல் மணலில் நிற்பதெப்படி என்னும் வினாவுக்கு விடை நீரின் செயலிலேயே உள்ளது. ஓடும் நீரில் இடப்பட்ட கல்லைச் சுற்றி மணல் கரைகிறது. கல் தன் எடையால் அப்பள்ளத்தில் இறங்குகிறது. அதன்மேல் இடப்படும் அடுத்த கல்லும் அவ்வாறே இறங்குகிறது. நீரால் மேலும் தோண்ட இயலாத ஆழத்தை அடிக்கற்கள் எட்டியதும் திரள் அசைவின்றி நிலைபெறுகிறது. அடித்தளத்தை அழிக்கும் ஆற்றலே இங்கு அடித்தளத்தை ஆழப்படுத்தும் கருவியாகிறது. இவ்வுத்தி பிற்காலப் பொறியியலில் மீண்டும் தோன்றுவதைக் கீழே காணலாம்.

மணலில் ஆழம் தேடும் மற்றொரு முறை கிணறு இறக்குதல். சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளிருக்கும் மண்ணை எடுக்க எடுக்க அவை தாமே கீழிறங்குமாறு அமைப்பது உறைகிணறு. அரிக்கமேடு, கீழடி முதலிய அகழாய்வு இடங்களில் உறைகிணறுகள் வெளிப்பட்டுள்ளன. கரிகாலனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பட்டினப்பாலையில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. குடிநீருக்காக உருவான இம்முறையே செங்கல்லாலும் பின்னர்க் காங்கிரீட்டாலும் பெரிய அளவில் செய்யப்படும்போது ‘கிணற்று அடித்தளம்’ ஆகிறது. இன்றும் இந்திய ஆற்றுப் பாலங்கள் பலவற்றைத் தாங்குவது இவ்வடித்தளமே. கட்டுமானத் தொழிலாளரும் ‘கிணறு இறக்குகிறோம்’ என்றே கூறுகின்றனர். இது மொழிபெயர்ப்பால் வந்த வழக்கன்று; தொழிலோடு வந்த வழக்கு.

2. 1836: சொல் கடல் கடந்தது

கொள்ளிடத்தின் படுகை காவிரியினும் தாழ்ந்தது. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டு, நீர் கொள்ளிடத்தின் வழியே வீணாகக் கடலை அடைந்தது. இதற்குத் தீர்வாக ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும், கீழ்ப்பகுதியில் கீழணையையும் 1836-ல் கட்டி முடித்தார். மணலில் இறக்கிய செங்கற் கிணறுகளின் மேல் இவை எழுப்பப்பட்டன. ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைத் தாம் இந்நாட்டு முன்னோரிடமிருந்தே கற்றதாகக் காட்டன் பிற்காலத்தில் எழுதினார். அம்முறையே பின்னர்க் கோதாவரியின் தவளேசுவரம் அணைக்கட்டுக்கும் (1847–1852) பயன்பட்டது.

தொழில் நுட்பத்தோடு சொல்லும் சென்றது என்பது மொழியியலார் கருதத்தக்கது. ‘அணைக்கட்டு’ என்பது ‘ஆனிகட்’ என ஆங்கிலத்தில் புகுந்தது. ‘கொள்ளிடம்’ ‘கோலரூன்’ ஆயிற்று. ‘கலிங்கல்’ ‘கலிங்குலா’ ஆயிற்று. யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886-ல் வெளிவந்த ஆங்கில – இந்தியச் சொற்களஞ்சியத்தில் இவை இடம்பெற்றன. அணையையும் அதன் வடிகாலையும் சுட்ட ஆங்கிலப் பொறியாளர்க்கு அன்று தமிழ்ச் சொற்கள் தேவைப்பட்டன என்பதை இப்பதிவுகள் காட்டுகின்றன. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே துறை பாடநூல் வழியே தமிழுக்குத் திரும்பியபோது, அத்துறைக்குத் தமிழில் சொல் இல்லை என்னும் எண்ணமும் உடன் வந்தது.

மேலணை மற்றொரு பாடத்தையும் புகட்டியது. கொள்ளிடம் தடுக்கப்பட்டதும் மிகுநீர் காவிரியின் தலைப்பில் பாய்ந்து அதன் படுகையை ஆழப்படுத்தத் தொடங்கியது. எனவே 1840-களில் காவிரியின் தலைப்பிலும் படுகை மட்டத்தில் ஒரு தடைக்கட்டு அமைக்க நேர்ந்தது. இங்கு ஆழமானது ஒரு தூணின் அடி அன்று. ஆற்றின் படுகை முழுவதுமே தாழ்ந்தது. இவ்விரண்டும் வேறுவேறு நிகழ்வுகள் என்பதை அடுத்த பகுதி விளக்கும்.

3. நீர் தோண்டும் மூன்று வகை

ஓடும் நீர் அடித்தளத்தைக் கெடுக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, படுகை முழுவதும் தாழ்தல். மேலே அணை கட்டி மணல் வரத்தைத் தடுத்தாலும், கீழே மணலை அளவின்றி அள்ளினாலும் இது நிகழும். வெள்ளம் இல்லாத காலத்திலும் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும்; முன்பு மண்ணுள் மறைந்திருந்த கிணற்றின் தலை வெளிப்பட்டு நிற்கும்.

இரண்டாவது, நெருக்கத்தால் ஆழமாதல். அகன்ற ஆற்றைக் குறுகிய பாலத்தின் வழியே செலுத்தும்போது நீரின் வேகம் கூடுகிறது. அகலத்தில் இழந்ததை நீர் ஆழத்தில் ஈடுசெய்கிறது.

மூன்றாவது, தூணின் அடியில் குழி விழுதல். தூணின் முகத்தில் மோதும் நீர் கீழ்நோக்கிப் பாய்ந்து படுகையைக் குடைகிறது. பின்னர் அது குதிரை லாட வடிவில் சுழன்று தூணின் இருபுறமும் மணலை வெளியே தள்ளுகிறது. தூணின் பின்புறத்தில் எழும் சுழிகள் அம்மணலை மேலே தூக்கிச் செல்கின்றன. வெள்ளத்தின் உச்சத்தில் குழி மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் வடியும்போது மணல் மீண்டும் வந்து அதனை மூடிவிடும். மறுநாள் பார்ப்பவருக்குப் படுகை சமமாகவே தோன்றும். ஆனால் தூணைச் சுற்றியிருப்பது இறுகிய மணலன்று, நிரம்பிய பொலபொலப்பு மணல். மூன்றனுள் கொடியது இதுவே. கேடு தன் தடயத்தைத் தானே மறைத்துவிடுகிறது.

இம்மூன்றையும் சுட்ட இன்று பெரிதும் வழங்குவது ‘அரிப்பு’ என்னும் சொல். கறையான் மரத்தை அரிக்கும், துரு இரும்பை அரிக்கும், தோலும் அரிக்கும், அரிசியையும் அரிப்பர். தமிழ்ப் பேரகராதி (1924–1936) இவ்வினைக்குப் பல பொருள்களைத் தருவதில் வியப்பில்லை. இவற்றுள் அரிசி அரித்தல் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. நீரில் அலசும்போது நொய்யது போய்க் கல் தங்குவது போல, ஆற்றுப் படுகையிலும் நுண்மணல் அகன்று பருமணலும் சரளையும் மேற்பரப்பில் தங்கி ஒரு கவசமாகின்றன. எனவே ‘அரித்தல்’ பொருந்தாத சொல் அன்று. அது அளவுக்கு மீறிப் பரந்த சொல் என்பதே குறை.

ஆற்றோடு வாழ்ந்தோர் வழக்கில் நுட்பமான வேறுபாடுகள் உள்ளன. நீர் கரையைத் தின்று விலக்குவது ‘அறுத்தல்’. படுகையில் நீர் குடைந்த ஆழ்குழி ‘மடு’. தென்மாவட்டங்களில் ‘கசம்’ என்பர். நீர் வட்டமிடும் இடம் ‘சுழி’. ‘அங்கே மடு இருக்கிறது, இறங்காதே’ என்று ஆற்றங்கரைத் தாய் பிள்ளையை எச்சரிக்கும்போது, பொறியாளர் கணக்கிடும் அதே பொருளையே சுட்டுகிறாள். ஆகவே முதல்வகையைப் ‘படுகைத் தாழ்வு’ என்றும், இரண்டாவதை ‘நெருக்க ஆழம்’ என்றும், மூன்றாவதைத் ‘தூணடி மடு’ என்றும் வழங்கலாம். மூன்றையும் அடக்கும் பொதுச்சொல் வேண்டுமிடத்து ‘நீரரிப்பு’ எனலாம். உலோகம் கெடுவதற்குத் ‘துருத்தின்னல்’ என்னும் சொல்லை ஒதுக்கிவிட்டால் குழப்பம் நீங்கும்.

4. காப்பு முறைகளும் ஆழத்தின் கணக்கும்

காப்பு முறைகளுள் தலையாயது, மடு எட்டாத ஆழத்தில் அடித்தளத்தை வைப்பது. ஜெரால்டு லேசி 1930-ல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளத்தின் அளவையும் மணலின் பருமனையும் கொண்டு ஆற்றின் இயல்பான ஆழத்தைக் கணக்கிட வழி வகுத்தது. இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிகள் அதனை அடிப்படையாகக் கொண்டவை. சராசரி ஆழத்தைக் கண்டு, தூணடியில் அதன் இரு மடங்கும், கரைத்தாங்கியில் 1.27 மடங்கும் மிகுதியான ஆழமாகக் கொள்வர். ஆழ்ந்த அடித்தளமாயின் அதற்கும் கீழே மூன்றில் ஒரு பங்கு பிடிப்பு வேண்டும். சராசரி ஆழம் 6 மீட்டர் எனின், தூணடி மடு 12 மீட்டர் வரை செல்லும். அடித்தளம் 16 மீட்டர் வரையேனும் இறங்கவேண்டும்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் விழிப்போடிருக்க வேண்டிய ஓரிடம் உள்ளது. இவ்விந்திய விதியில் 12 மீட்டர் என்பது உச்ச வெள்ள மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. அமெரிக்கக் கையேடுகளிலோ மடுவின் ஆழம் படுகை மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. இரண்டையும் ‘அரிப்பு ஆழம்’ என்றே பெயர்த்தால், ஒன்றின் எண் மற்றொன்றின் இடத்தில் அமர்ந்துவிடும். வெள்ளத்தில் நீர் படுகைக்கு மேல் 7 மீட்டர் நிற்குமிடத்தில், முன்னைய கணக்கின் 12 மீட்டர் பின்னைய கணக்கில் 5 மீட்டரே. ‘வெள்ளமட்ட ஆழம்’, ‘படுகைமட்ட ஆழம்’ என இரு தொடர்களை ஆள்வது இப்பிழையைத் தவிர்க்கும்.

இரண்டாவது காப்பு, கல் பாவுதல். 1880-களின் இறுதியில் பஞ்சாபின் செனாப் ஆற்றுப் பாலத்தில் ஜே. ஆர். பெல் என்னும் பொறியாளர் ஆற்றை நெறிப்படுத்தும் கரைகளை அமைத்தார். பிரான்சிஸ் ஸ்பிரிங் 1903-ல் வெளியிட்ட நூல் அம்முறையை ஒழுங்குபடுத்தியது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராகப் பின்னர் விளங்கிய ஸ்பிரிங் இவரே. இம்முறையில் கரையின் அடிவாரத்தில் படுகைமேல் கற்கள் தளமாக விரிக்கப்படும். நீர் தளத்தின் ஓரத்தைக் குடையும்போது கற்கள் தாமே சரிந்து இறங்கிக் குழியின் சரிவை மூடிக்கொள்ளும். கல்லணையின் கற்கள் செய்ததும் இதுவே. ஆங்கிலத்தில் இத்தளத்திற்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஏவப்படும் மேலாடை’ என்றாகும். கப்பலை நீரில் இறக்குவதும் அரிவாள்மணை முன் கட்டும் துணியும் இதில் கலந்து, கல் மட்டும் காணாமற்போகும். ‘சரிகல் தளம்’ என்பது கல் செய்யும் தொழிலையே பெயராக்குகிறது. ஓரத்தில் சரிவது குறைபாடன்று, தளத்தின் நோக்கமே அது என்பதையும் உணர்த்துகிறது. சரிவதைச் சேதம் என்று எழுதும் அறிக்கை, தளம் தன் பணியைச் செய்ததையே பழியாக்கிவிடும்.

கல் மட்டும் போதாது. கற்களின் இடுக்கு வழியே மணல் உறிஞ்சப்படாதிருக்க அடியில் சரளையால் வடிகட்டும் அடுக்கு வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் போன கல்லை அளந்து நிரப்பவும் வேண்டும். 1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹேரி ஓடைப் பாலம் வெள்ளத்தில் வீழ்ந்து 10 பேர் இறந்தனர். தூணடிக் கற்கள் போதிய அளவில் பேணப்படாமையும் ஆழமற்ற அடித்தளமும் அதற்குக் காரணங்களாயின.

5. வெள்ளம் எழுதிய அறிக்கைகள்

தமிழகமும் இதற்கு விலை கொடுத்துள்ளது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூரை அடுத்த மருதையாற்றில் பெருவெள்ளத்திற்கு இடையே சென்னை – தூத்துக்குடி விரைவு வண்டி பாலத்தருகே ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு இலட்சம் கன அடி அளவில் நீர் திறக்கப்பட்டபோது, திருச்சிராப்பள்ளியில் 1928-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் நிலைகுலைந்து ஒரு பகுதி ஆற்றில் வீழ்ந்தது. போக்குவரத்து 2016-லேயே புதிய பாலத்திற்கு மாற்றப்பட்டிருந்தமையால் பேரிழப்பு நேரவில்லை. அம்மாதம் 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளுள் 9 அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றில் மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்ததே மூலகாரணம் என்னும் குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. 2024 ஆகஸ்டு வெள்ளத்தின்போது, புதிய பாலத்தைக் காக்கக் கட்டப்பட்டிருந்த தடுப்புச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. ஆற்றில் நின்ற உயர் மின்னழுத்தக் கோபுரமும் வீழ்ந்தது.

இந்நிகழ்வுகளைத் தமிழில் பதிவு செய்வோர் ‘மண் அரிப்பு’ என்று மட்டும் எழுதினால், வினாவிற்கு விடை கூறியது போன்ற தோற்றம் எழும். பொறுப்பு யாருடையது என்பது மறையும். படுகைத் தாழ்வு எனின் மணல் எடுப்போரையும் அணையை இயக்குவோரையும் கேட்கவேண்டும். நெருக்க ஆழம் எனின் பாலத்தின் நீளத்தைத் தீர்மானித்தவரைக் கேட்கவேண்டும். தூணடி மடு எனின் அடித்தளத்தை வரைந்தவரையும் பேணியவரையும் கேட்கவேண்டும். சொல் பிரிந்தாலன்றி வினா பிரியாது.

6. இருபோக்கு நீர்

கொள்ளிடக் கரையில் உருவான இச்சொற்கள் அந்தமான் நீரில் ஒரு தடையைச் சந்திக்கின்றன. தமிழில் ‘மேல்’ மேற்கையும் ‘கீழ்’ கிழக்கையும் குறிப்பது, நிலம் கிழக்கே சரிந்து ஆறுகள் கிழக்கே ஓடுவதோடு இயைந்தது. மேலணை, கீழணை என்னும் பெயர்களிலும் அந்நிலவியல் உறைந்துள்ளது. அணை, பாலம் ஆகியவற்றின் ‘மேல்புறம்’, ‘கீழ்ப்புறம்’ என்பன நீரின் ஒருவழிப் போக்கைக் கருதியவை.

அந்தமானின் கழிகளிலும் நீரிணைகளிலும் நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்தில் தூணின் முன்முகமாக இருந்தது வற்றத்தில் பின்முகமாகிறது. மடு இருபுறமும் விழுகிறது. பாரத்தாங், நடு அந்தமான் ஆகிய தீவுகளுக்கிடையே ஹம்ப்ரி நீரிணையைக் கடக்கும் ஏறத்தாழ 1.45 கிலோமீட்டர் நீளப் பாலத்திற்கு ‘மேல்புறக் கற்காப்பு’ என்று எழுதினால், எப்புறம் என்பது விளங்காது. அவ்விடத்து ‘கடல்முகம்’, ‘நிலமுகம்’ என்றோ, ‘ஏற்றமுகம்’, ‘வற்றமுகம்’ என்றோ எழுதுவது தெளிவு தரும். ஏற்றம், வற்றம் என்பன தமிழ்க் கடற்கரையின் சொற்கள்; புதிதாகப் படைக்க வேண்டியவை அல்ல.

ஆழத்தை அளக்கும் மட்டமும் இங்கு வேறுபடும். ஆற்றில் உச்ச வெள்ள மட்டம் அடிப்படையாவது போல, கழியில் ஓத மட்டம் அடிப்படையாகும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கரையிலுள்ள பழைய குறியை ஒட்டி அளந்த ஆழம் அன்றோடு பொருள் மாறிவிட்டது. ஆகவே எந்த மட்டத்திலிருந்து, எந்த ஆண்டில் அளந்தது என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பெயர்ப்பது, பெயர்ப்பாகாது.

முடிவுரை

மணலில் அடித்தளம் அமைக்கும் கலை தமிழகத்தில் தொன்மையானது. அக்கலையின் சொற்கள் ஆங்கிலத்திற்குச் சென்றன; கலை திரும்பியபோது பொதுச்சொல் ஒன்றே அவற்றின் இடத்தை அடைத்தது. 2010-ல் தமிழ் வழியில் கட்டடப் பொறியியல் பட்டப்படிப்பை அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கியபின், இச்சொற்கள் அகராதியில் மட்டும் உறங்குபவை அல்ல. தேர்விலும் வரைபடத்திலும் ஆய்வறிக்கையிலும் ஆளப்படவேண்டியவை.

மடு, அறுப்பு, சுழி, உறை, ஏற்றம், வற்றம் ஆகியவை ஆற்றிலும் கடலிலும் உழைத்தோர் அளந்து வைத்த சொற்கள். அவற்றைத் துறைச் சொற்களாக ஏற்று, ‘அரிப்பு’ என்பதை அதன் பொது எல்லைக்குள் நிறுத்துவது மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்க பணி. வெள்ளம் வடிந்த மறுநாள் மணல் மூடிய படுகையைக் கண்டு ‘அரிப்பு இல்லை’ என்று எழுதுவதற்கும், ‘மடு நிரம்பியுள்ளது, ஆழம் அளக்கப்படவேண்டும்’ என்று எழுதுவதற்கும் இடையே ஒரு பாலத்தின் ஆயுள் உள்ளது.